கருநீலக் காரில் ஒட்டிய அம்புகள்

திருப்பூருக்கு வந்த புதிதில் ஒரு நாள் பல்லடம் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ்ஸைக் கவனிக்காமல் சட்டென்று குறுக்கே திருப்பிவிட்டேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்திலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அங்கே அது 'ஏலே' என்று தொடங்கும், கேட்பவரின் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். இவர் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டு, மனிதர் உண்மையாகவே விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "சொல்லிட்டுதான் வந்தேன் அண்ணாச்சி" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் பல வருஷமாகியும் எனக்குத் தீரவில்லை. இந்த ஊரில் ஒருவருக்குக் கோபம் வந்திருக்கிறதா இல்லையா என்பதை என்னால் குரலை வைத்து அளக்க முடிவதில்லை.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது, எழுதும்போது எதிரே யாரும் நிற்பதில்லை. ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போல இங்கே வந்து வாடகை வீட்டில் வேர்விட்டவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் காதர்பேட்டையில் பனியன் பண்டல் தூக்கினேன். பிறகு ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. என் மனைவி பேச்சியம்மாளுக்கும் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களை மேஜையில் விரித்து, ஓட்டை, தையல் விலகல், எண்ணெய்க் கறை எல்லாம் பார்ப்பது அவள் வேலை. குறை இருக்கும் இடத்தில் சிவப்புக் காகிதத்தில் அம்பு போல வெட்டிய சிறிய ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். அம்பின் முனை குறையைக் காட்டும். சரிசெய்கிறவர் தேட வேண்டியதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பேச்சியின் சேலையில் நாலைந்து அம்பாவது ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு போடுவதற்கு முன்னால் அவற்றை உரித்து எடுப்பாள், சில நாள் நானும் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் பேச்சுவார்த்தையில் பாதி அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஒரு வருஷம் முதலாளி புதிதாக ஒரு கருநீலக் கார் வாங்கியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவரைச் சாமளாபுரத்தில் அவருடைய தங்கை வீட்டில் இறக்கிவிட்டேன். தங்கை கணவருடைய வண்டியில் ராத்திரி வந்துவிடுவதாகவும், என்னை முன்னால் போகும்படியும் சொன்னார். திரும்பும் வழியில் ஜல்லி ஏற்றிய ஒரு டிப்பர் லாரி எனக்கு முன்னால் போனது. மேலே தார்ப்பாய் போடவில்லை. ஹாரன் அடித்து வழி வாங்கி முந்திப் போயிருக்கலாம், அல்லது பின்தங்கியிருக்கலாம். எனக்கு ஹாரன் அடிப்பதென்றாலே கூச்சம், நடுத்தெருவில் நின்று சத்தம் போடுவது போலத் தோன்றும். பின்தங்கினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அதனால் லாரியின் வாலைப் பிடித்தபடியே போனேன். ஒரு பள்ளத்தில் லாரி குதித்தது. கை நிறைய கற்களை அள்ளி வீசியது போல ஜல்லி தெறித்து வந்தது. பானட்டில் டக் டக் டக் என்று மூன்று சத்தம். லாரிக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர் போய்க்கொண்டே இருந்தார்.

கம்பெனிக்கு வந்து இறங்கிப் பார்த்தேன். பானட்டில் மூன்று இடத்தில் அரிசி அளவுக்குப் பெயின்ட் தெறித்து, உள்ளே வெளுத்த சாம்பல் நிறம் தெரிந்தது. முன்பக்கக் கதவில், புதிதாகத் தார் போட்ட சாலையில் வந்ததால், கரும்புள்ளிகள். பார்த்ததுமே வேலை போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். அது ஏன் என்று சொன்னால்தான் பிறகு நான் செய்த காரியம் விளங்கும்.

ஊரில் நான் ஓட்டியது ஒரு லாரி. அதன் சொந்தக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். ஒரே லாரிதான் அவருக்கு. விருதுநகருக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப் போகும்போது, முன்னால் போன வண்டியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து முன்கண்ணாடியை நொறுக்கியது. காற்று முகத்தில் அடிக்க, சரக்கை இறக்கிவிட்டு வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க அண்ணாச்சி, "ஒன் கைராசி அப்படிலே. இனிமே சாவியத் தொடாத" என்றார். திட்டியது அவ்வளவுதான். ஆனால் 'கைராசி' என்ற சொல் எனக்கு முன்னால் நடந்து போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் ஒரு டிராக்டரைக்கூட யாரும் என்னை நம்பித் தரவில்லை. அதனால்தான் பஸ் ஏறினேன். இப்போது மறுபடியும் கல். இந்த வேலையும் போனால், அந்தச் சொல் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டால், இனி பஸ் ஏறிப் போக எனக்கு வேறு ஊர் தெரியாது.

நாலு மணி டீ நேரத்தில் பேச்சி வெளியே வந்தாள். காட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே போனவள், கறை எடுக்கும் மருந்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். பனியனில் மிஷின் எண்ணெய் பட்டால் அந்த மருந்தைப் பீய்ச்சுவார்கள், ஒரு நொடியில் கறை காணாமல் போகும். அதைப் பிரிவை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். "இது எடுக்காத கறை கிடையாது. துடைங்க" என்றாள். பனியன் கழிவுத் துணியில் நனைத்துத் துடைத்தேன். தார்ப்புள்ளி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, இன்னும் அழுத்தித் துடைத்தேன். வெள்ளைத் துணி நீலமாகிக்கொண்டே வந்ததை இருவருமே தாமதமாகத்தான் பார்த்தோம். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, வெந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. துணியையும் கறையையும் தவிர வேறு எதையும் அறியாத ஊரில் எங்களுக்குத் தோன்றிய வைத்தியம் அது. வேறு ஊராக இருந்திருந்தால் மண்ணெண்ணெயோடு நின்றிருப்போம்.

வீட்டுக்கு வந்து அவள் சேலையைப் பிடித்து அம்புகளை உரித்துக்கொண்டிருந்தேன். "எல்லாமே கல்லு அடிச்சதுன்னு சொல்லிருங்க" என்றாள். "கதவுல கல்லு இப்படியா அடிக்கும்?" என்றேன். "மருந்துன்னு சொன்னா ரெண்டு பேருக்கும்லா வேலை போவும். யோசிச்சுப் பேசுதியளா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். நான் யோசித்தது வேறு. பொய் சொல்வதற்கும் வாய் வேண்டும், உண்மை சொல்வதற்கும் வாய் வேண்டும். எனக்கு இரண்டுக்கும் வாய் இல்லை. சற்று முன்னால்தான் முதலாளி போனில் கூப்பிட்டு, "வந்து சேந்துட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். "வந்துட்டேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. என் விரல் நுனியில் நாலைந்து அம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தூக்கிப்போடாமல் தீப்பெட்டியின் மேல் வரிசையாக ஒட்டிவைத்தேன். பேச்சி பார்த்தாள், என்ன என்று கேட்கவில்லை.

காலையில் சீக்கிரமே முதலாளி வீட்டுக்குப் போய்க் காரைத் துடைத்தேன். பானட்டில் கல் பட்ட இடங்களுக்கு மூன்று அம்பு ஒட்டினேன். நான்காவது அம்பைக் கதவில் ஒட்டும்போது கை இரண்டு முறை பின்வாங்கியது. மூன்றாம் முறை ஒட்டிவிட்டு, தள்ளி நின்றேன். என்னால் பேச முடிந்தது அவ்வளவுதான்.

முதலாளி வெளியே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டின் மேல் குனிந்து பார்த்துவிட்டு, "டிப்பருங்களா?" என்றார். தலையாட்டினேன். கதவுக்கு வந்து நான்காவது அம்பின் முனையில் விரல் வைத்துத் தடவினார். "இது கல்லு இல்லீங்களே."

"நாந்தான். தார் எடுக்கப் போய், கறை எடுக்கிற மருந்த..." அதற்கு மேல் வரவில்லை. பிறகு, "அவள ஒண்ணும் சொல்லிராதீங்க" என்பது மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். எங்கள் ஊரில் முதலாளி சத்தம் போட்டால் வேலை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பேசாமல் உள்ளே போனால் கணக்கு முடிந்தது. நான் சாவியை பானட்டின் மேல் வைத்தேன். கீறல் விழுந்துவிடுமே என்று உடனே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பேச்சியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கண்ணாடி எடுக்கத்தான் போயிருக்கிறார். கதவை இன்னொரு முறை நன்றாகப் பார்த்தார்.

"இன்னொரு அம்பு இருக்குதுங்களா?"

தீப்பெட்டியை நீட்டினேன். அவர் காரின் பின்பக்கம் போய், பம்பரின் ஓரத்தில் இருந்த ஒரு நீளக் கீறலுக்கு அம்பை ஒட்டினார். "இது நானுங்க. ஞாயித்துக்கெழம பின்னால எடுக்கறப்ப கேட்டுல ஒரசிப்போட்டேன். ஊட்டுல சொன்னா வண்டியவே தொடாதீங்கம்பாங்க. நீங்க பாத்துப்போட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களும் கேக்கல."

நான் திங்கட்கிழமையே பார்த்திருந்தேன். என் மேல் வந்துவிடுமோ என்று பயந்து, துடைக்கும்போது அந்த மூலையில் மட்டும் புழுதியை விட்டுவைத்திருந்தேன். அதையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் மாறியது. "அந்த மருந்து கையில பட்டாலே எரியுமுங்க. கண்ணுல பட்டிருந்தா என்ன பண்ணுவீங்க? இனி அது வெளிய வரக்கூடாதுன்னு ஊட்டுல சொல்லிப்போடுங்க." அப்படித்தான் நினைக்கிறேன், அது கோபம்தான். அதற்கும் 'ங்க' போட்டுத்தான் கோபப்பட்டார். பேச்சியிடம் நான் அதை அப்படியே சொன்னபோது அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்போ நாளைக்கு வேலைக்கு வரலாமா?" வரலாம் என்றேன். அதன் பிறகுதான் அழுதாள்.

தாராபுரம் சாலையில் ஒரு பட்டறையில் காரை விட்டோம். பெயின்டர் அம்புகளைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை, எல்லோரும் பழுதைப் பட்டறைக்காரர்களே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டுப் போவார்கள் என்றார். அவர் ஒவ்வொரு அம்பாக உரித்து எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கியதை நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கல் பட்ட இடத்துக்கு அரிசி அளவு பெயின்ட் போதும், கதவு முழுவதையும் அடிக்க வேண்டியிருந்தது. கல் செய்ததைவிட என் பயம் செய்தது பெரிது.

திருப்பூரில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூடும்போது இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. அப்போது அண்ணாச்சியை விட்டுவிடுவேன். சொந்த ஊர்க்காரரைப் பற்றி இங்கே குறைவாகப் பேச மனம் வருவதில்லை. தவிர, வயசு ஏற ஏற அவர் பக்கமும் எனக்குத் தெரிகிறது. ஒரே லாரி வைத்திருந்தவருக்கு ஒரு கல் என்பது வேறு, மூன்று கார் வைத்திருப்பவருக்கு ஒரு கல் என்பது வேறு. அன்று அவரும் பயத்தில்தான் பேசினார்.

காரில் கல் பட்ட அந்த வருஷமே கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். காலையில் டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினால், பெஞ்சில் அண்ணாச்சி. லாரியை எப்போதோ விற்றுவிட்டாராம். ஆள் இளைத்திருந்தார்.

"ஏலே, எங்கன இருக்க? வண்டி ஓட்டுதியா?"

"ஓட்டுதேங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஓட்டுதாராம்லா, 'ங்க' போட்டு" என்று ஒருவன் கிண்டல் செய்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"கல்லு கில்லு எதும் பட்டுச்சா?"

"பட்டுது அண்ணாச்சி. மூணு எடத்துல."

"மொதலாளி என்ன சொன்னான்?"

அம்பு ஒட்டியதை, முதலாளி தன் கீறலைத் தானே காட்டியதை எல்லாம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொன்னால், பத்துப் பேர் முன்னால் நான் அவரைத் திருப்பி அடித்தது போல ஆகிவிடும். "ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து, துண்டால் அந்த இடத்தைத் தட்டிவிட்டு, "உக்காரு" என்றார். அண்ணாச்சிக்குச் சமமாக அந்த பெஞ்சில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. திருப்பூரில் உட்காரச் சொன்னால் உட்காரப் பழகிவிட்டேன். முழங்கால் மடங்கிவிட்டது, முதுகு கீழே இறங்க மறுத்தது. சூடான தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, உட்காராமலும் நிற்காமலும் அப்படியே இருந்தேன்.