ஒரே வரிசையில் மீன்சுருட்டிப் புலி

உங்களுக்கு வேறு வேலை வெட்டி கிடையாதா? ஒரு கிழவி எதற்காகப் பூலாம்பாடியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி மீன்சுருட்டிக்கு ஓடினாள் என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள். பொங்கி வழிந்தபிறகு என்னைச் சொல்லக் கூடாது.

சரி, கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள் போலிருக்கிறது. ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நடுவில் யாராவது “சின்னப் பொண்ணுதானே, விடுங்க” என்று சமாதானத்துக்கு வந்தால் அவர்களையும் சேர்த்துத் திட்டுவேன்.

என் போனில் இரண்டு விளையாட்டுகள் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொழுது விடிந்துவிடும். அதனால் படத்தைப் பார்த்துத்தான் தொடுவேன். கட்டம் போட்ட படம் லூடோ. அதில் குடும்பமே இருந்தது: மருமகள், மருமகளின் அண்ணன் வீட்டார், கட்டிக்கொடுத்த மூத்த பேத்தி. என்னோடு ஆட உட்கார்ந்தால் எல்லாரும் விட்டுக்கொடுப்பார்கள். வெட்ட வேண்டிய காயை வெட்டாமல் சுற்றிக்கொண்டு போவார்கள். கிழவி சந்தோஷமாக இருக்கட்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெயித்தேன் என்று சிரித்து வைப்பேன்.

சிவப்புக் காய் போட்ட படம் கேரம். அதில் எனக்கு ஒரே ஒரு ஆள். என் தங்கை. அவள் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. நான் தோற்றால் உடனே கழுதைப் படம் அனுப்புவாள். அவள் தோற்றால் நான் தக்காளியை எறிவேன். அந்த ஆட்டத்தில் எறிவதற்கென்றே ஒரு தக்காளி வைத்திருக்கிறார்கள். வைத்தவன் நன்றாக இருக்கட்டும்.

இதில் என்ன திருட்டுத்தனம் என்று கேட்பீர்கள். தங்கை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூத்த பேத்தி கல்யாணப் பத்திரிகையில் தங்கை வீட்டுக்காரர் பெயரை என் மகன் விட்டுவிட்டான். மறந்துவிட்டேன் என்றான். எங்கோ தூரத்துப் பங்காளி பெயரெல்லாம் ஞாபகம் இருந்தது, சொந்தச் சித்தப்பா பெயர் மறந்துவிட்டதாம். தங்கை மகன் மண்டபத்து வாசல் வரைக்கும் வந்து, சீர்த்தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோனான். அந்த ரோஷத்தில் என் மகன் கல்லங்குறிச்சிப் பெருமாள் முன்னால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தான். “இனிமே அந்த வூட்டு வாசல எங்க வூட்டு ஆளு ஒருத்தரும் மிதிக்க மாட்டோம், ஒரு வார்த்த பேச மாட்டோம்.”

எங்க வூட்டு ஆளு என்றால் அதில் நானும்தான். என்னைக் கேட்டானா? ரேஷன் கடைக்குப் போனால்கூடக் கைரேகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போகிறான். கூடப் பிறந்தவளை அறுத்துவிட என் ரேகை தேவைப்படவில்லை.

அப்புறம் ஜெயங்கொண்டத்தில் ஒரு சாவு. இரண்டு வீட்டுக்கும் உறவு. துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, பேசவும் முடியாது. பெண்கள் பக்கம் நானும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துக்கு வந்தாள். வாயைத் திறக்கவில்லை. முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். போனை என் பக்கம் திருப்பி, அந்த ஆட்டத்தில் தன் படத்துக்குக் கீழே இருந்த நம்பரைக் காட்டினாள். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் இல்லை. மனசில் போட்டுக்கொண்டு வந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் சேர்த்துவிட்டார். என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டார். அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டேன். ‘மீன்சுருட்டிப் புலி’ என்றார். அப்படியென்றால் எனக்குச் ‘சிங்கம்’ என்று போடுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரத்தில் சிங்கமும் புலியும் ஆடும். ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலை மிதித்ததில்லை. பெருமாளே வந்து கேட்டாலும் பதில் சொல்லலாம்.

இப்போது சின்னப் பேத்தியிடம் வருவோம். அவளுக்குச் சென்னைக் கம்பெனியில் உத்தியோகம். வேலை செய்வது வீட்டில். வேலை முடிந்தால் விளையாட்டு. கம்ப்யூட்டரில் கொஞ்சம், டிவியோடு மாட்டிய பெட்டியில் கொஞ்சம், போனில் கொஞ்சம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனிக் கடையாம். இந்தக் கடையில் வாங்கிய விளையாட்டு அந்தக் கடையில் தெரியாதாம். ஏற்கெனவே இருப்பதை மறந்து அதே விளையாட்டை இன்னொரு கடையிலும் வாங்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். கூட ஆடுகிற சிநேகிதர்களும் அப்படித்தான், ஒருத்தி கம்ப்யூட்டரில், ஒருத்தன் பெட்டியில். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. கறிச்சோறு தின்றுவிட்டு எல்லாரும் டிவி முன்னால் சாய்ந்திருந்தார்கள். பேத்தி துள்ளிக்கொண்டு வந்தாள்.

“எல்லாரும் இங்க பாருங்க! எல்லாக் கடையையும் ஒண்ணா சேத்துட்டேன். விளையாட்டு எல்லாம் ஒரே அலமாரி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே வரிசை. அப்பத்தா, உன்னோடதும் இருக்கு பாரு!”

“என்னோடது எப்படிடி வந்துச்சு?”

“உன் போனுக்கு என் மெயில்தானே போட்டு வச்சிருக்கேன்! அதுல இருக்கறதெல்லாம் தானா வந்துரும்.”

அதுதான் நடந்தது. எங்கள் வீட்டில் அத்தனை பேர் போனுக்கும் அவள் ஒருத்தியின் மெயில். கேஸ் புக் பண்ணுவதும் அதில்தான், என் கேரமும் அதில்தான். வீட்டுக்கு ஒரே சாவி, அது அவள் இடுப்பில். அணைத்துத் தொலையடி என்று சொல்வதற்குள் அவள் வரிசையை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா, மாமா, அக்கா, ஆபீஸ் சிநேகிதி...

“மீன்சுருட்டிப் புலி. ஆன்லைன்ல இருக்கு. அப்பத்தா, யாரு இது புலி?”

அந்த நேரம் பார்த்து அந்த மகராசி ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். கூடவே ஒரு கழுதை. சின்னக் கழுதை இல்லை, எங்கள் டிவி அளவுக்குக் கழுதை. பல்லை இளித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றது.

மருமகளின் அண்ணன் சிரித்தார். என் மகன் சிரிக்கவில்லை. மீன்சுருட்டியில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“அம்மா. இது சின்னம்மாதானே?”

“புலின்னு போட்டிருக்கு. உனக்குச் சின்னம்மா மாதிரியா தெரியுது?”

“வெளையாடாதம்மா. சாமி முன்னாடி சூடம் அடிச்சுட்டு வந்துருக்கேன் நானு.”

“அடிச்சது நீதானேடா. பேச மாட்டோம்னு அடிச்ச. நான் எங்க பேசுனேன்? காயைத்தான் தள்ளுனேன்.”

விருந்தாளிகள் முன்னால் அவனுக்கு மானம் போய்விட்டது. மகளிடம் கையை நீட்டி, “அத எடு. இப்பவே எடு” என்றான். அவள் என்னைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், ரிமோட்டை அழுத்தினாள். புலி போய்விட்டது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் டிவியில் எடுத்தது என் போனிலும் போய்விட்டது. கேரமைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

எனக்கு மகன் திட்டியது பெரிதில்லை. அவன் பிறந்ததிலிருந்து நான் திட்டியதற்கு அது ஈடாகாது. அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு என்ன தெரியும்? கூப்பிட்ட கையோடு அக்கா தன் பெயரை வெட்டிவிட்டாள் என்றுதானே தெரியும்? பத்திரிகையில் அவள் வீட்டுக்காரர் பெயரை விட்டதைக்கூட, “எங்கக்கா செஞ்சிருக்க மாட்டா” என்று சொன்னவள் அவள். இப்போது என் கையாலேயே வெட்டியதாக நினைப்பாளே!

பேத்தி சமையல்கட்டுக்குள் வந்து என் தோளில் சாய்ந்தாள். நான் தோளை இழுத்துக்கொண்டேன்.

“எல்லாரும் ஒரே எடத்துல இருந்தா நல்லாருக்கும்னுதான் அப்பத்தா செஞ்சேன்.”

“உனக்கு நல்லாருக்கும். உன் சிநேகிதருங்கள நீ எப்படி வேணா அடுக்கிக்க. என் ஆள எங்கிட்ட கேட்டுட்டு அடுக்கணுமா வேணாமா? உங்கப்பன் கேக்காம வெட்டுனான், நீ கேக்காம ஒட்டுன. ரெண்டு பேருக்கும் நான் என்ன, அலமாரில வச்ச பொம்மையா?”

அவள் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பனுக்குத் தெரியாமல் திரும்பச் சேர்க்கிறேன் என்று என் போனை வாங்கித் தட்டினாள். நட்பு கேட்டு அனுப்பினால் அந்தப் பக்கம் சரி என்று சொல்ல வேண்டுமாம். அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கிப்போனது.

“வேணாம்னு அழுத்திட்டாங்க அப்பத்தா.”

பெருமாள் மன்னிக்கட்டும் என்று நானே தங்கை நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. வெட்டிவிட்டாள். மறுபடி போட்டேன். மறுபடி வெட்டினாள்.

மறுநாள் காலையில் மகன் வயலுக்குப் போனதும் நான் கிளம்பிவிட்டேன். பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ். அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரி வரிசை கட்டிப் போகிறது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்த என் முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. அதோடு போய்த் தங்கை வீட்டு வாசலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன், இரண்டு காலாலும்.

தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“பேர வெட்டுனவளுக்கு வாசல்ல என்ன வேல?”

“வெட்டுனது நானில்லடி.”

“உன் போன்ல நீ அழுத்தாம எவன் வந்து அழுத்துவான்?”

“டிவில அழுத்துனாங்கடி!”

“என்னைய என்ன கேணச்சின்னு நெனச்சியாக்கா? டிவில அழுத்துனா போன்ல போவுமா? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமா சொல்லு.”

நடந்தது அப்படித்தான் இருந்தது, பொய்யை விடக் கேவலமாக. எல்லாக் கடையையும் ஒன்றாக்கினாள் என்று சொன்னேன், மெயில் என்று சொன்னேன், கழுதை கூடத்தில் நின்றதைச் சொன்னேன். தங்கை முகம் இறுகியே இருந்தது. கழுதை எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினேன். அங்கேதான் அவளுக்கு வாயோரம் கொஞ்சம் நெளிந்தது. ஆனாலும் விடவில்லை.

“உம் மவன் வெட்டுனப்ப நீ பாத்துக்கிட்டு இருந்தேல்ல?”

“பாத்துக்கிட்டு இருந்தவ எதுக்குடி இத்தன தூரம் வரேன்? உன் மூஞ்சி அவ்வளவு அழகா?”

சத்தம் கேட்டுத் தங்கை மகன் உள்ளேயிருந்து வந்தான். சீர்த்தட்டைத் திருப்பிக் கொண்டுபோனவன்.

“பெரியம்மா, அண்ணன் சத்தியம் பண்ணிருக்காரு. நீங்க இங்க வந்தா சாமி குத்தம் ஆவாதா?”

“சூடம் அடிச்சது அவன் கை. சுட்டா அவனைத்தான் சுடும். நீ போயித் தண்ணி கொண்டா. ஒங்க ஜில்லா ரோட்டுப் புழுதி பூரா என் தொண்டையிலதான் இருக்கு.”

அவன் தண்ணீர் கொண்டுவந்தான். அப்புறம் என் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தான். பேத்தியின் மெயிலை ஆட்டத்திலிருந்து கழற்றிவிட்டு எனக்கென்று தனியாக ஒன்று போட்டான். ரகசிய எழுத்துக்குப் பதிலாக நம்பராகவே வைத்துக்கொள்ளுங்கள், மனசில் இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அழுத்துவதைப் பார்க்கவில்லை. சொந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது. பத்திரிகையில் பெயர் இல்லாத வீட்டில் கிடைத்தது.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் கேரம் ஆடினோம். அவள்தான் ஜெயித்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். “பாதி போயிருக்கு. மிச்சத்துக்கு அடிக்கடி வந்துட்டுப் போ” என்றாள். ராத்திரி தங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மகன் வாசலில் நின்றான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை, கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயம். மருமகள் மட்டும் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “யாருக்கும் சொல்லிக்க வேணாம் அத்த, கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போனதா இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் விட்டார்கள். தெருவே குடத்தோடு நின்றது. என் மகன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரி கேட்டாள், “எங்க பெரியம்மா ரெண்டு நாளா ஆளையே காணோம், கோயிலுக்கா?”

“கோயிலும் இல்ல கொளமும் இல்ல” என்றேன், துடைக்கிற துணி நிற்கிற அளவுக்குச் சத்தமாக. “மீன்சுருட்டில என் தங்கச்சி வூட்டுக்குப் போனேன். வாசல மிதிச்சேன், வாயாரப் பேசுனேன், வயிறார சாப்புட்டேன். வர்ற வெள்ளிக்கெழமையும் போறேன். எவனாவது கேட்டா சொல்லிருங்க. கேக்காட்டியும் சொல்லிருங்க.”