நிரூபிக்க வேண்டியவள் நான்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சபையில் எழுந்து சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அழுகை முந்திக்கொண்டது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நானும் என் கணவர் செல்வமும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வைத்துப் பிழைக்கிறவர்கள். கீழே கிராமத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் நாற்பத்திரண்டு பேரிடம் கொழுந்தை நிறுத்து எடுத்து ஃபெக்டரியில் சேர்ப்போம். மாதம் முடிந்ததும் ஃபெக்டரி எல்லாருடைய பணத்தையும் மொத்தமாக என் பேங்க் கணக்கில் போடும். நான் அதை எடுத்து அவரவர் கையில் கொடுப்பேன். எங்களுக்கு மிஞ்சுவது லொறிக் கூலியும் கிலோவுக்குக் கொஞ்சம் கொமிஷனும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெப்ரவரி மாதம், வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது; செல்வத்துக்கு அது வாசிக்க வராது என்பதால் நானே வாசித்தேன். ஒரு வருஷம் முழுக்க என் கணக்குக்கு வந்த பணம் அத்தனையையும் என் வருமானம் என்று எடுத்து வரி போட்டிருந்தார்கள். லொறியை விற்றாலும் பாதிக்குக் காணாது. மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்று இருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன். அது முதல் கடிதம் இல்லை. அதற்கு முன் வந்த இரண்டையும் நான் அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். வரி என்பது பெரிய முதலாளிமாருக்கு என்று நினைத்திருந்தேன். வருமான வரி விபரத்திரட்டு என்ற ஒன்றை நான் அதுவரை நிரப்பியதே இல்லை.

அவிசாவளையில் ஒரு கணக்காளரிடம் போனோம். தமிழர், என்னை விட வயது குறைந்தவர். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"அக்கா, இது ஒங்க வருமானம்னு அவங்க நிரூபிக்கத் தேவையில்ல. ஒங்க வருமானம் இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். காசு கொடுத்த புஸ்தகம் எங்க?"

அந்த வருஷத்துப் புத்தகங்களைப் பிள்ளைகளின் பழைய கொப்பிகளோடு சேர்த்துப் பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட்டுவிட்டிருந்தேன். அப்படியென்றால் பணம் வாங்கினவர்களிடம், வாங்கியது உண்மை என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்த சத்தியக் கடதாசி வாங்குங்கள் என்றார் அவர்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். செல்வம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓட்டம் இல்லாத நாளிலும் லொறியைக் கழுவித் துடைத்துக்கொண்டே இருந்தார். விற்பதற்குத்தான் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

கிராமத்தில் வீடு வீடாக ஏறினேன். கெட்ட மனிதர்கள் இல்லை. தேத்தண்ணி கொடுத்தார்கள். ஆனால் வரி என்ற பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிடும். கையெழுத்து வைத்தால் நாளைக்கு எங்கள் வாசலுக்கும் வருவார்கள் என்றார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கையெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் செல்வம் அந்த யோசனையைச் சொன்னார்.

"நாம காசு கொடுத்தது நெசம்தான, ஜெசி. நெசத்தைத்தான் திரும்ப எழுதப் போறோம். அதுல என்ன பாவம்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. அதே மாதிரிப் புத்தகம் வாங்கி வந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். பெயர்கள் மனப்பாடம். கிலோ எத்தனை என்று யாருக்குத் தெரியும்? மனதில் தோன்றியதைப் போட்டேன். பதினொரு பெயருக்கு எழுதினேன். கணக்காளர் சொன்னது ஞாபகம் வந்தது. வரி பிந்தினால் தண்டம் கட்டிவிட்டுப் போகலாம், பொய்க் கணக்குக் கொடுத்தால் வழக்கு என்று சொல்லியிருந்தார். ஆனால் என்னை நிறுத்தியது அந்தப் பயம் மட்டும் இல்லை. அன்று காலையில் திருவிருந்து வாங்கிய கை அது. பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே சீமெந்துத் தரையில் முழங்காலிட்டேன்.

"ஆண்டவரே, என்னால பொய்ய எழுத முடியல. நெசத்த நிரூபிக்கவும் முடியல. எனக்கு வேற சாட்சி இல்ல. நீங்கதான்."

வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பயமும் போகவில்லை. ஒரு பெயர் மட்டும் மனதில் வந்து நின்றது. சுனில்.

அந்தப் பெயரை நான் விரும்பவில்லை. மழை நாளில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் நிறை என்று கிலோவில் கொஞ்சம் வெட்டுவோம். அதற்காகச் சந்தியில் எல்லார் முன்னாலும் என்னைக் கள்ளி என்று சொல்லிவிட்டு, வேறு லொறிக்குக் கொழுந்து கொடுக்கப் போனவர் அவர். நான் ஏறாத ஒரே வீடு அவருடையது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்தார். அந்த வருஷம் மாதா மாதம் நான் அவருக்கு எழுதிக் கொடுத்த துண்டுகள். கிலோ, விலை, கொடுத்த தொகை, கீழே என் கையெழுத்து. அதையெல்லாம் யாராவது வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை; அவர் ஒன்று விடாமல் றப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார்.

"நீ ஏமாத்துறன்னு ஒரு நாளைக்குக் காட்டத்தான் தங்கச்சி இதச் சேத்து வச்சேன்," என்றார் சிங்களத்தில். "கூட்டிப் பாத்தேன். வெட்டுனது போக ஒரு சதம் பிழையில்ல. அத வந்து சொல்ல வெக்கமா இருந்திச்சு."

நான் ஜெபிக்கிறதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே, என்னை நம்பாத ஒரு மனிதரின் வீட்டில் கர்த்தர் எனக்குச் சாட்சியைச் சேர்த்து வைத்திருந்தார்.

சுனில் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். தேயிலைச் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. அங்கே எல்லாரும் இருக்கும்போதே கணக்காளருக்குப் போன் போட்டு, அரை ஏக்கர்க்காரருக்கு வரி வருமா என்று கேட்டார். இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை என்றார் கணக்காளர். சுனில் முதல் கையெழுத்தை வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தேழு பேர் வைத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் வீட்டில் தேடிச் சில துண்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து பேர் கடைசி வரை வரவில்லை. தவணைக்கு ஒரு நாள் முன்னால் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம்.

பிறகு பல மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் இரத்தினபுரி வரிக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி ஒவ்வொரு துண்டையும் ஃபெக்டரிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். புத்தகம் எங்கே என்று கேட்டார். பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன் என்றேன். ஏன் விபரத்திரட்டு அனுப்பவில்லை என்றார். தெரியாமலும் பயத்தாலும் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தது. முப்பத்தேழு பேரின் பணம் என் வருமானம் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து பேரின் பங்குக்கு ஆதாரம் இல்லாததால் அதை என் கணக்கிலேயே சேர்த்தார்கள். என் கூலி, கொமிஷனுக்கும் வரியும் தண்டமும் வந்தது. அது நான் கட்ட வேண்டியதுதான். தவணை முறையில் கட்டினோம். லொறியை விற்கவில்லை.

எல்லாம் இல்லாமல் போய்விட வேண்டும் என்றுதான் நான் ஜெபித்தேன். கர்த்தர் அப்படிச் செய்யவில்லை. பொய் இல்லாமல் அந்த அதிகாரியின் முன்னால் உட்கார எனக்குத் தைரியம் கொடுத்தார். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம். இப்போது கார்பன் வைத்துத்தான் துண்டு எழுதுகிறேன், வாங்குகிறவர் கையெழுத்தோடு. விபரத்திரட்டை நாளுக்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். சுனிலின் கொழுந்து மறுபடியும் எங்கள் லொறியில்தான் ஏறுகிறது. தண்ணீர் வெட்டுக்கு இன்னும் சண்டை பிடிக்கிறார். சபைப் பக்கமே வராதிருந்த செல்வம் இப்போது புதன்கிழமை ஜெபத்துக்கு வருகிறார். நான் கூப்பிடவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். உள்ளதை உள்ளபடி கர்த்தரிடம் சொல்லுவோம். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வரிக் கந்தோருக்கு நானும் உங்களோடு வருகிறேன்.