பளார் அண்ணனின் வலது தொடை

வலது கால் பேன்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டிவிட்டு, நான்காய் மடித்த ஈரத் துண்டை ஓங்கி அதன்மேல் ஒரு போடு போடுகிறார். எதிரே திரையில், கணவனாக நடிப்பவரின் கை மனைவியின் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த நடிகை தலையை மட்டும் வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். சத்தம் இவருடையது. வலியும் இவருடையதுதான். "யப்பா..." என்று தொடையைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறார். "போதுமாம்மா, இன்னொண்ணு வேணுமா?"

"டைரக்டர் இன்னும் கொஞ்சம் காரமா கேப்பார்ண்ணே," என்கிறார் ஒலிப்பதிவு செய்யும் பெண்மணி.

"கேப்பார், கேப்பார். எல்லாருக்கும் காரம்தான் வேணும். எரிச்சல் மட்டும் எனக்கு." துண்டை மறுபடி வாளியில் முக்குகிறார்.

டிவி சீரியல்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் தொழில். மாடிப்படி இறங்குகிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம், டம்ளர் உடைகிற சத்தம் எல்லாம் இந்தச் சின்ன அறைக்குள் அவர் கையாலும் காலாலும் உண்டாகின்றன. அவர் தோள்பையைத் திறந்தால் பெண்கள் போடுகிற குதிகால் செருப்பு ஒரு ஜோடி இருக்கும். புது வாட்ச்மேன் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கன்னத்தில் விழுகிற அறைதான். ஸ்டுடியோவில் அவர் பளார் அண்ணன். ஆண் அறைந்தால் வலது தொடை, பெண் அறைந்தால் இடது. மாமியார் அறைந்தால் துண்டுக்குள் ஒரு பழைய பெல்ட்டைச் சுருட்டி வைத்துக்கொள்வார். ஏனென்று கேட்டால், "அதுக்கு ஒரு எடுப்பு வேணாமா?" என்பார்.

ஆரம்பத்தில் அறைச் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு டைரக்டர் வந்து எதிரொலி வேண்டுமென்றார். அடுத்தவர் அதையே மூன்று தடவை கேட்கவைத்தார். அதற்கும் அடுத்தவர் வந்தபோது இவருக்குப் பொறுக்கவில்லை. "கன்னத்துல அடிச்சா இப்படி இடி விழுந்த மாதிரியெல்லாம் கேக்காதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். "நிஜம் யாருக்குண்ணே வேணும்? பாக்கறவங்களுக்கு உறைக்கணும்ல?" என்று அந்த மனிதர் தோளில் தட்டிக்கொடுத்தார். அதோடு சரி. வாயை மூடிக்கொண்டு தொடையைக் கொடுத்துவருகிறார். அந்த இடத்துத் தோல் இப்போது குதிகால் தோல் மாதிரி காய்த்துப்போயிருக்கிறது.

நாளெல்லாம் தடதடவென்று நடந்துவிட்டு, வீட்டில் பூனை மாதிரி நடப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு, ஏறுகிறவர் ரப்பர் செருப்பா, ஷூவா, ஷூ என்றால் லேஸ் கட்டியதா கட்டாததா என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். மகள் சின்னவளாக இருந்தபோது இருவருக்கும் அதுதான் விளையாட்டு. "கண்ண மூடிக்கோ, இது எதுன்னு சொல்லு" என்பார். பிளாஸ்டிக் பையைக் கசக்கினால், "நெருப்பு!" தட்டில் அரிசியைச் சிந்தினால், "மழை!" அவள் தோற்றதே இல்லை. "எமகாதகி! என் காது அப்படியே வந்திருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டது. சன்னமான சத்தம். யாரோ நோட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்கள் என்று காது சொல்லிற்று. அவர் காதை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. பக்கத்தைத் திருப்பி அடுத்த செய்திக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து டீ கொடுத்தாள். சர்க்கரை கம்மி என்று வேறு சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து மனைவி, துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னைக்கு மாப்பிள்ளை அவள அறைஞ்சிட்டார்ங்க."

"என்னைக்கு? எங்க?"

"நம்ம வீட்லதான். உள்ரூம்ல. அந்த ஞாயித்துக்கிழமை."

"நான் எங்க போயிருந்தேன்?"

"எங்கயும் போகல. ஹால்லதான் இருந்தீங்க, பேப்பரும் கையுமா. உங்களுக்குக் கேட்டிருக்கும், கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அவளும் அப்படித்தான் நெனச்சிருக்கா."

என்ன சொல்வது! அறைச் சத்தத்திலேயே சோறு தின்கிற மனுஷர். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் மாலையானால் இவர் போட்ட அறைதான் விழுகிறது. பெற்ற மகள் பக்கத்து அறையில் வாங்கியபோது, அது போதிய சத்தம் இல்லை என்று இவர் காதே தள்ளிவிட்டது. அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள், மகள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கூட்டமில்லை. அவள் ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவைம்மா?"

"அம்மா சொல்லிட்டாங்களா? அய்யோ, அதெல்லாம் ஒரு அடியாப்பா? லேசா ஒரு தட்டு, அவ்ளோதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க வீட்ல ஏழரை மணி சீரியல் ஓடும். அதுல அந்தப் புருஷன் அறையறப்பல்லாம் அத்தை சொல்வாங்க, 'இவ்ளோ வாங்கியும் அவ வாயத் திறக்குறாளா பாரு'ன்னு. அவரும் கேட்டார், 'நான் என்ன அந்த மாதிரியா அடிச்சேன்?'னு. யோசிச்சா... அந்த மாதிரி இல்லதானேப்பா?"

"அது அவன் அடிக்கிறதில்லம்மா. நான் அடிக்கிறது. என் தொடையில."

"தெரியும்ப்பா" என்று சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்தான். தெரிந்து என்ன பிரயோசனம்?

சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். வரும் வழியில் செய்துவாங்கியது. "உன் ரூம் உன் ரூமாவேதான் இருக்கு."

அவள் அதை விரல் நுனியால் அவர் பக்கமே தள்ளினாள். "இத அவர் பாத்தா வேற வினையே வேணாம். விடுங்கப்பா, பழகிடும்."

சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் மதியம் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லிவிட்டுக் கிளம்பினார். எத்தனை தடவை என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பது பஸ்ஸில் பாதி வழி போனபிறகுதான் உறைத்தது.

வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டோடு வந்து, ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏழரை மணி சீரியலே வேலைக்கு வந்திருந்தது. சத்தமில்லாத படத்தில் அந்தக் கணவனின் கை காற்றில் வந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அப்பா துண்டை ஓங்கினார். பளார்! அவள் தோள் தூக்கிப்போட்டது. காய்த்துப்போன தொடையை இப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள்.

"வலிக்கலையாப்பா?"

"பழகிடுச்சும்மா" என்றார். சொன்ன பிறகுதான் அது நேற்று அவள் சொன்ன வார்த்தை என்று பட்டது. துண்டை வாளியில் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே வந்து நின்றார். "கண்ண மூடிக்கோ."

"என்னப்பா, இந்த வயசுல போய்!"

"மூடேன்."

மூடினாள். உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பையைக் கசக்கினார். "நெருப்பு." தட்டில் அரிசி. "மழை. சுலபமால்ல கேக்கறீங்க!" குதிகால் செருப்பைக் கையில் மாட்டிப் பலகையில் நடத்தினார். "பொம்பள, மாடிப்படி... இறங்கறா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அம்மாள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அப்புறம் அவர் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பட்டென்று மூடினார்.

அவள் உதட்டில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. மடியில் கிடந்த இடது கை மெல்ல எழுந்து கன்னத்தை மூடிக்கொண்டது. அவர் நோட்டைப் பலகையில் வைத்தார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, மற்றக் கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"குடுங்கப்பா."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவர் பைக்குள் சாவியைத் தேடினார்.