நான்காவது குழாய்

இது கட்டுக்கதை இல்லை. மடிக்கேரியில், ஒரு ரத்த வங்கியில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் தெச்சம்மாவின் வலது உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கலாம். வெயில் காலத்திலும் அது சில்லென்றுதான் இருக்கிறது.

கக்கட மாத மழை, குடகில் ஆடிக்கு அதுதான் பெயர். மூத்த டெக்னீஷியனான தெச்சம்மா, புதிதாகச் சேர்ந்த நயனாவுக்கும் குட்டப்பாவுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சிலருடைய ரத்தம் குளிரில் மட்டும் சோதனைக் குழாயில் கட்டி கட்டியாகத் திரளும். உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் கரைந்துவிடும். அதில் ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நிஜமான எதிரி ஒளிந்திருக்கலாம்: சூட்டிலும் கரையாத கட்டி. அந்த ரத்தத்தை ஏற்றினால் உயிர் போகும்.

"இந்த ஊர்ல மழைக்காலத்துல எல்லாக் குழாயும் திரளும். 'குளிர்தான்'னு சொல்லிச் சொல்லியே பழகிடுவோம். வெந்நீர்த் தொட்டியில முழு நேரம் வைக்காம, கடைசிச் சோதனையை முடிக்காம பையைத் தராதீங்க" என்றாள்.

அப்போதுதான் பிரசவ வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். லீலாவதி என்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. மூன்று பைகளின் ரத்தத்தை அவளுடைய ரத்தத்தோடு மூன்று குழாய்களில் கலந்து சோதித்தார்கள். மூன்றும் திரண்டன. தொட்டியில் வைத்ததும் கரைந்தன.

பெரிய டாக்டர் மாச்சையா வாசலில் வந்து நின்றார். "கரைஞ்சிடுச்சில்ல? குளிர்தான். அனுப்பும்மா."

"இன்னும் நேரம் ஆகல, சார்."

"ரெண்டு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தா நீயும் டாக்டரா?"

தெச்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேலே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள். குழாய்களை வெளியே எடுத்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

டிங்...

தொட்டிக்குள் கண்ணாடி தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தாள். நான்காவதாக இன்னொரு குழாய் நின்றது.

"இது யாரு வச்சது?"

குட்டப்பா உதட்டைப் பிதுக்கினான். நயனா சொன்னாள்: "சிவப்பு ஸ்வெட்டர் அக்கா. முழு நேரம் ஆகட்டும்னாங்க."

"எந்த அக்கா?"

"உங்க பின்னாடிதான் நிக்..."

தெச்சம்மா திரும்பினாள்.

பின்னால் யாருமில்லை. தரையில் ஈரக் காலடிகள்... செருப்பில்லாத காலடிகள்.

தெச்சம்மா வலது கையால் குழாயை எடுத்தாள். வெந்நீரில் கிடந்த குழாய்... பனிக்கட்டியாக இருந்தது. கடைசிச் சோதனையைச் செய்தாள்.

கட்டி.

கரையவே இல்லை.

"கையெழுத்துப் போடமாட்டேன், சார்."

மாச்சையா கத்தினார். வேலை போகும் என்றார். தெச்சம்மா மூன்று பைகளின் குழாய்களையும் தொட்டியில் முழு நேரம் வைத்துத் திரும்பச் சோதித்தாள். மூன்றுமே லீலாவதிக்குச் சேரவில்லை. சேரும் ரத்தம் மைசூரிலிருந்து வரும்வரை உப்புநீர் ஏற்றித் தாக்குப்பிடித்தார்கள். லீலாவதி பிழைத்தாள். மறுநாள் கூட்டத்தில், தன் கவனத்தால்தான் ஓர் உயிர் தப்பியதென்று மாச்சையா பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். தெச்சம்மா தட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் வார்டு ஆயா சோமக்காவிடம் நயனா எல்லாவற்றையும் சொன்னாள். சோமக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிவப்பு ஸ்வெட்டரா? முழங்கையில மஞ்சள் ஒட்டுப் போட்டதா?"

"ஆமாம்."

"தேவகி... தெச்சம்மா இங்க வர்றதுக்கு முந்தின வருஷம். அதே கட்டில். சோதனை முடியறதுக்குள்ள மாச்சையா சார்தான் ரத்தத்தை அனுப்பச் சொன்னார். ரத்தம் ஏற ஏற, குளிருது குளிருதுன்னு துடிச்சா. நான்தான் அந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். இதயம் பலவீனம்னு எழுதி மூடிட்டாங்க. ஸ்வெட்டரோடவே புதைச்சோம்."

நயனாவின் முகம் வெளிறியது.

"அந்த அக்கா குழாயை வைக்கும்போது இன்னொண்ணும் சொன்னாங்க... எனக்கு அப்போ புரியல."

"என்ன?"

"'எனக்கும் குளிர்தான்னு சொல்லித்தான் ஏத்தினாங்க...'"