நாலு பேப்பரிலும் அதே பெயர்

போன மாதம் செங்கல்பட்டில் கேசவன் அண்ணனுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். ஒரு நாளிதழுக்கு முப்பத்தைந்து வருடம் பகுதி நேர நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையேறிய ஏழு பேரும் ‘நேர்மையின் சிகரம்’ என்றார்கள். சிகரமாம் சிகரம்! ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் இப்படிப் பேச வாய் வந்திருக்காது. நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். பெயர் ஜெபா, வேறொரு நாளிதழின் நிருபர்.

அவருக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், விவசாயக் குடும்பம். பேப்பர் ஏஜென்டாகத்தான் தொழிலுக்கு வந்தார். ஏரிக்கரை உடைந்ததைப் பற்றி ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டார், அச்சில் வந்துவிட்டது. அன்றோடு மற்ற வேலை எதுவும் மனதில் ஒட்டவில்லை. அந்தக் காலத்தில் செய்தியை உறையில் போட்டு ஒட்டி, சென்னை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் மணி சொல்வார்கள். கோபம் வந்தால் பெரிய அதிகாரியிடமும், “இன்னா சார், கேட்டதுக்குப் பதில் சொல்லாம சுத்திகினு கீறீங்க?” என்பார். எனக்கு அந்த வாய் ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று ஒரே ஆள் எத்தனை இடத்துக்குப் போக முடியும்? அதனால் நாலு பேப்பர் நிருபர்களும் பங்கு போட்டுக்கொள்வோம். ஒருவர் போய்ச் செய்தி எடுத்து வருவார், மற்ற மூவரும் அதையே எழுதுவோம். பேப்பர் ஆபீசில் சந்தேகம் வராமலிருக்க முதல் வரியை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றுவோம். போனவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு வர வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம்.

அந்தச் சட்டத்தைக் கேசவன் அண்ணன் ஒரே ஒரு நாள் மீறினார். ஏழு வருடம் இருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரரின் கேமரா திருடு போய், ஒருவன் பிடிபட்டான். அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். ஸ்டேஷனுக்குப் போகாமல் போனிலேயே விவரம் கேட்டார். அங்கே சரியாகத்தான் சொன்னார்கள். காய்ச்சல் மயக்கத்தில் இவர்தான் புகார் கொடுத்தவன் பெயரைப் பிடிபட்டவன் பெயராக எழுதிக்கொண்டார். புதுப்பட்டினம் சாம், வயது இருபத்தேழு, விடுதி ஊழியர். திருடனைக் காட்டிக்கொடுத்த பையனே நாலு பேப்பரிலும் திருடன் ஆனான்.

மறுநாள் அவனுடைய அம்மா சாராள் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள். நாங்கள் கூடுகிற டீக்கடைக்குள் நுழைந்து நாலு பேப்பரையும் மேசைமேல் போட்டாள்.

“இதை எவன்யா எழுதுனது? வர்ற ஞாயித்துக்கெழம எம்புள்ளைக்கு நிச்சயதார்த்தம். பொண்ணோட அப்பா நிறுத்திட்டாரு!”

“போலீஸ்ல எழுதுன காயிதம் இருக்குமேம்மா, அதைக் காட்டலாமே?” என்றேன்.

“காட்டாம இருப்பேனா? ஸ்டேஷன்ல எவன் வேணா எழுதி வாங்கிடலாம், நாலு பேப்பர்காரன எவன் வாங்க முடியும்னு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்ல?”

கேசவன் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. “தப்பு என்னோடதும்மா” என்று அவள் முன்னால் எழுந்து நின்றார். அன்று மாலையே ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கி, மறுநாள் ஏழாம் பக்கத்தில் மூன்று வரி வருத்தம் வெளியிட வைத்தார். எங்களையும் போடச் சொன்னார். மூவரும் மாட்டோம் என்றோம். நாலு பேரும் ஒரே நாளில் ஒரே தப்புக்குத் திருத்தம் போட்டால், ஒரே இடத்திலிருந்து காப்பியடித்தது ஆபீசுக்குத் தெரிந்துவிடும். பத்தொன்பது வருடம் காத்திருந்து, எனக்கு அந்த மாதம்தான் வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது.

“உங்க காய்ச்சலுக்கு நான் ஏண்ணே சாகணும்?” என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சனிக்கிழமை சாராள் போன் செய்தாள். ஒரு பேப்பர்தான் தப்பு என்கிறது, மூன்று பேப்பர் இன்னும் அப்படியே சொல்கிறதே என்றாராம் பெண்ணின் அப்பா. நாள் முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு. சாயங்காலம் கேசவன் அண்ணன் தனியாகக் கூடுவாஞ்சேரியில் இருந்த பெண் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா கலையரசன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கேசவன் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார்: காய்ச்சல், போன், முதல் வரியை மாற்றுவது. எங்கள் ரகசியம் அத்தனையும் அந்த வீட்டில் கொட்டியாயிற்று. நாங்கள் மாட்டோம் என்றதை மட்டும் சொல்லவில்லை.

கலையரசன் என் பக்கம் திரும்பினார். “நீ எந்தப் பேப்பரும்மா?”

சொன்னேன்.

“அதுல தப்புன்னு ஒரு வரியும் வரலியே.”

“நான்தான் சார் போடல. வேலை போயிடும்னு பயம்.”

 அவர் உள்ளே திரும்பி மகளிடம், “கவியா, சாமுக்குப் போன் போடும்மா. நாளைக்கு நிச்சயம் நடக்குதுன்னு சொல்லு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேசவன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இருங்க,” என்றார் கலையரசன். குரல் உயரவில்லை. “முப்பது வருசமா நாலு பேப்பரையும் படிச்சிகினு வர்றேன். எதுக்கு? ஒருத்தன் பொய் எழுதுனா இன்னொருத்தன் காட்டிக்குடுப்பான்னுதான். ஒரு ஆளு எழுதுனத நாலு தபா படிச்சிகினு இருந்திருக்கேன்.”

நாங்கள் எழுந்தோம். 

வாசல்வரை வந்து அவர் சொன்னார்: “நாளைக்கு ஊரே வருது. நீங்க ரெண்டு பேரும் வராதீங்க.”

“சரிங்க” என்றார் கேசவன் அண்ணன். நானும் சரி என்றேன்.