சிலுவையம்மாள் தடவிக் கொடுத்த கை

ராயபுரம் கடற்கரைப் பக்கத்தில் சிலுவையம்மாளின் கட்டைவிரலுக்குப் பயப்படாத ஆம்பளை அந்தக் காலத்தில் ஒருவன்கூட இல்லை. கட்டுமரம் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டவன், வலை இழுத்துத் தோள் இறங்கினவன் என்று யார் வந்தாலும் குப்புறப் படுக்கச் சொல்லுவாள். முதுகில் விரலை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினால், அவன் மாதாவையும் சூசையப்பரையும் ஒருசேரக் கூப்பிடுவான். எழுந்து போகும்போது நிமிர்ந்து நடப்பான். அவளுடைய புருஷன் ஞானம் மட்டும் தனக்கு இடுப்பு வலித்தால் வாயே திறக்க மாட்டான். வலியைத் தாங்குவது சுலபம், வைத்தியத்தைத் தாங்க முடியாது என்பது அவன் கட்சி.

வித்தை அவளுக்கு முதல் உலக யுத்த காலத்தில் வந்தது. காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காகப் பட்டணத்தில் திறந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி, மருந்தில்லாமல் கையாலேயே தசையையும் நரம்பையும் தேற்றுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அழுத்துவது, தடவுவது, வெந்நீரில் முக்குவது, மடக்கி நீட்டப் பழக்குவது, எல்லாமும்தான். சிலுவையம்மாள் அழுத்துவதை மட்டும் ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். தடவிக்கொடுப்பதெல்லாம் குழந்தைகளுக்கு என்று நினைத்துவிட்டாள். யுத்தம் முடிந்து அந்த நர்ஸ் கப்பலேறிப் போனாள். சிலுவையம்மாள் துறைமுகத்துக்கு அருகே இன்னோர் ஆஸ்பத்திரியில் மசாஜ் செய்கிறவளாக நிலைத்தாள்.

அங்கேதான் 1927 சித்திரையில் நீலமேகம் வந்தான். புளியந்தோப்புக்காரன், துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டை சுமப்பவன். ஐந்து மாதம் முன்னால், கூடச் சுமக்கிறவன் மூட்டையில் போட வேண்டிய கொக்கி தவறி, இவனுடைய வலது மேற்கையின் உட்புறம் இறங்கிவிட்டது. காயம் ஒரு மாதத்தில் ஆறிற்று. வலி ஆறவில்லை. உள்ளங்கையில் நெருப்புக்கங்கை வைத்து ஊதுகிற மாதிரி ராப்பகலாக எரிந்தது. காற்று பட்டால் எரியும். பக்கத்தில் தட்டு விழுந்து ஓசை கேட்டாலும் எரியும். எப்போதும் ஈரத்துணி சுற்றி, அதில் ஊற்றுவதற்கு இடது கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு அலைந்தான். வெளியே தழும்பு மட்டும் தெரிந்ததால், கிடங்கில் எல்லாரும் அவன் வேலைக்குச் சோம்பி நடிக்கிறான் என்றார்கள். நரம்பு அடிபட்டால் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத வலியை ஊர் நம்பாது.

சிலுவையம்மாள் நம்பினாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் கட்டைவிரல்தான். துணியை அவிழ்த்தாள், உள்ளங்கையில் விரலை ஊன்றினாள். நீலமேகம் ஒரு சத்தமும் போடாமல் அப்படியே மயங்கி விழுந்தான்.

தெளிந்து எழுந்ததும் நேரே பெரிய டாக்டரிடம் போனான். "இந்தக் கைய வெட்டிப் போட்டுடுங்க தொர" என்று காலில் விழுந்தான். துரை வேறு வழியெல்லாம் பார்த்துவிட்டவர். கோடைக்கு ஊட்டி போய் ஐந்து வாரத்தில் திரும்புவேன், வந்ததும் வெட்டலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

இதைக் கேட்டதும் சிலுவையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கொக்கி போட்டவன் பாதி கெடுத்தான், மீதியைத் தான் கெடுத்ததாக அவளுக்குப் பட்டது. மறுநாள் கத்திரி வெயிலில் விசாரித்துக்கொண்டே புளியந்தோப்புக்கு நடந்தாள்.

அந்த வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஜன்னலைக் கோணி போட்டு அடைத்திருந்தார்கள். நீலமேகத்தின் மனைவி குப்பம்மா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்தாள், சத்தமில்லாமல் வைத்தாள். அவனுக்குச் சோறு ஊட்டினாள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வாசலில் ஓடினால் விளக்குமாறு பறந்தது. அந்த ஒரு கைக்காக வீடே மூச்சடக்கி இருந்தது. ஜமீன்தாருக்குக்கூட அத்தனை காவல் இருந்திருக்காது.

"நேத்து நான் பண்ணது தப்பு நைனா. அத்த சொல்லத்தான் வந்தேன்" என்றாள் சிலுவையம்மாள்.

"வுடுக்கா. அஞ்சே வாரம். வெட்டிட்டா பேஜாரு முடிஞ்சிடும்."

"முடியாது. சண்டையில கை போன சிப்பாயிங்கள நான் பாத்துகீறேன். இல்லாத வெரலு எரியுதுன்னு அழுவானுங்க. இருக்கற கைன்னா தடவலாம், தண்ணி ஊத்தலாம். இல்லாத கைய எங்க தேடித் தடவறது?"

நீலமேகம் ஈரத்துணியில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். "அப்ப இன்னாதான் பண்ண சொல்ற?" என்றான்.

"எங்க வலிக்கலன்னு சொல்லு. அங்கேர்ந்து ஆரம்பிக்கறேன்."

முதல் வாரம் முழுக்க அவள் அந்தக் கை இருந்த பக்கமே போகவில்லை. கழுத்து, தோள், இடது கை என்று மெதுவாக, ஒரே சீராகத் தடவினாள். ராயபுரத்து முதுகுகள் பார்த்திருந்தால் நம்பியிருக்காது. பிறகு அகலச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து இரண்டு கையையும் முக்கச் சொன்னாள். தண்ணீருக்குள் இடது விரல்கள் மடங்கினால் வலது விரல்களும் கூடவே மடங்கப் பார்த்தன. ஒரு நாள் வலி பொறுக்காமல் சட்டியை எட்டி உதைத்தான். அவள் புடவையைப் பிழிந்துவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தாள்.

பெரிய சண்டை குப்பம்மாவோடுதான் வந்தது. ஜன்னல் கோணியை எடு, சோறு ஊட்டாதே, பாத்திரத்தை வழக்கம்போல் சத்தத்தோடு வை என்று சிலுவையம்மாள் சொன்னபோது குப்பம்மா கொதித்துவிட்டாள்.

"காத்து பட்டா கூட துடிக்கறாரு. நீ இன்னா கல்நெஞ்சக்காரியா?"

"தொடவே வுடாம வெச்சிகினா, அந்தக் கைக்கு எல்லாமே எதிரியாத்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா பழகணும் கண்ணு. நீ பாசத்துல பண்ற, எனக்குத் தெரியும். நான் திமிருல பண்ணேன். ரெண்டும் தப்பு."

குப்பம்மா அழுதுகொண்டே கோணியைக் கிழித்தாள்.

அடுத்த வாரம் உள்ளங்கையில் இலவம்பஞ்சால் தடவினாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்து எண்ணும் வரைக்கும். பிறகு ஒரு முறத்தில் பொரியைக் கொட்டி, அதற்குள் விரலை விட்டுத் துழாவச் சொன்னாள். பொரி பழகியதும் கேழ்வரகு. கேழ்வரகில் நாலு நாள் பல்லைக் கடித்தான். நாலாவது வாரம் அரிசிக்கு வந்தார்கள்.

அன்றைக்கு முறத்தில் இருந்தது குப்பம்மா அப்போதுதான் வாங்கிவந்த அரிசி. நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டான். நெற்றியில் வேர்வை பூத்தது. சிலுவையம்மாள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஏழு எண்ணும்போது அவன் முகம் மாறிற்று.

"நிறுத்துக்கா" என்றான். கையை எடுக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலு மணியை உருட்டிப் பார்த்தான். "குப்பு, இத்த இன்னா அரிசின்னு வாங்கின?"

"நெல்லூர் அரிசி."

"பாதி ரங்கூன் மட்ட அரிசி. கலந்துட்டான் கலீஜ் பய. மண்ணாட்டம் நொறுங்குது பாரு."

கிடங்கில் மூட்டைக்குள் கையை விட்டே சரக்கைச் சொல்லிவிடுவான் என்று அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆறு மாதமாக அந்த விரல்கள் வலியைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. இப்போது அரிசியைப் பற்றிச் சொல்லின. குப்பம்மா கடைக்காரனைத் திட்டினாள், நடுவே சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். சிலுவையம்மாளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எத்தனை வரை எண்ணினோம் என்பதையே மறந்துபோனாள்.

துரை ஊட்டியிலிருந்து திரும்பினார். குறித்த திங்கட்கிழமை காலையில் நீலமேகம் அவர் முன்னால் நின்றான். ஈரத்துணி இல்லை, சொம்பும் இல்லை. சிலுவையம்மாள் கதவோரம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஐந்து வாரத்தில் வலி பாதிகூடக் குறையவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அவன் என்ன சொல்வான் என்பது தெரியாது.

துரை பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டார். நீலமேகம் உதட்டைக் கடித்தான்.

"வலி இருக்கா?" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில்.

"கீதுங்க."

"வெட்டணுமா?"

நீலமேகம் வலது கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "வாணாங்க. வலி இருந்துட்டுப் போவட்டும். இது என் கை."

துரை நோட்டுப் புத்தகத்தில் அவன் பெயரை அடித்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் குப்பம்மா முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரப் பயந்து காலையிலிருந்து அங்கேயே இருந்தாள். சேதியைச் சொல்ல சிலுவையம்மாள் ஓட்டமாக முன்னால் போனாள். போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள், ஏனென்றால் நீலமேகம் அவளைத் தாண்டிப் போய் மனைவியின் முன்னால் குந்தியிருந்தான். அந்த வலது கையைக் குப்பம்மாவின் உச்சந்தலையில் வைத்தான். வலிக்காமல் இருந்திருக்காது. அவன் எடுக்கவில்லை.