மூன்றைத் தாண்டாத நோட்டு

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் வேலை நேரத்தில் வாயால் பேசிக்கொள்வது குறைவு. பேசினாலும் காதில் விழாது. முப்பது தறி ஒன்றாக ஓடும் குடோனுக்குள் எதிரில் இருப்பவரின் உதட்டையும் புருவத்தையும் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்புக்கரசி பத்தொன்பது வருஷம் அப்படி வேலை செய்தவர். இடது காது பாதி போய்விட்டது. முகத்தைப் படிக்கிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

தறிகளை முதலாளி பழைய இரும்பாக எடைக்குப் போட்டபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் இல்லை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். வேலை தேடியபோது, அன்னூர் போகும் ரோட்டில் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு இல்லத்தில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். வாசல் பலகையில் அந்த இல்லத்துக்கு நீளமான பெயர் ஒன்று எழுதியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'கடைசி ஊடு', அதாவது கடைசி வீடு என்றுதான் சொன்னார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிடப்பட்டவர்கள், பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்கள், கடைசி நாட்களைக் கழிக்க வரும் இடம். பதினொரு கட்டில்கள்.

அதை நடத்தியவர் கிருபாசங்கர். மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய தாயார் வயிற்றுப் புற்றுநோயில் எட்டு மாதம் துடித்து இறந்தார். அந்த வருஷமே பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, சொந்தத் தோட்டத்தில் இந்தக் கட்டடத்தைக் கட்டினார். துவைக்கிற மெஷின் ரிப்பேரானால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நோயாளிகளின் விரிப்புகளை அவரே கல்லில் அடித்துத் துவைப்பார். சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. அன்புக்கரசி இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டார். அதுதான் இந்தக் கதையில் சங்கடமான விஷயம்.

புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது என்று எல்லாம் ஆறே மாதத்தில் அவருக்குக் கைவந்துவிட்டது. இன்னொரு வேலையும் உண்டு. நாளைக்கு நான்கு முறை ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், வலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. சொல்லும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்து டாக்டர் மார்பின் என்னும் வலி மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த டாக்டர் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அடுத்து வந்தவருக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் தோதுப்பட்டது. மார்பின் இருப்பு வைக்கிற அனுமதியைப் புதுப்பிக்க, அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டரின் பெயர் வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அலமாரியில் இருந்த மாத்திரைகள் தீர்ந்தன. காய்ச்சல் மாத்திரையும் தூக்க ஊசியும் மிஞ்சின.

நோட்டில் எண்கள் ஏறத் தொடங்கின. ஆறு, ஏழு, எட்டு.

ஒருநாள் கிருபாசங்கர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இனிமே மூணுக்கு மேல எழுத வேண்டாம்."

"அவிய எட்டுனு சொல்றாங்களே, ஐயா."

"சொல்லட்டும். சொந்தக்காரங்க வந்து இந்த நோட்டத்தான் பாக்கறாங்க. பாத்துப்போட்டு மனசு ஒடஞ்சு போறாங்க. நம்மனால ஆகறது ஒண்ணுமில்ல. மாத்திரை வந்துரும். அதுவரைக்கும்."

அன்புக்கரசி எழுதினார். இரண்டு, மூன்று, இரண்டு. வேறு வேறு நாட்களில் மூன்று தடவை அவரிடம் போய், வேறு டாக்டர் பாருங்கள், இல்லாவிட்டால் இவர்களைக் கோயமுத்தூருக்காவது அனுப்புங்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் அவர். பார்த்துக்கொண்டும்தான் இருந்தார். யார் யாருக்கோ போன் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் கட்டிலில் சுப்பாத்தாள். அன்னூர்க்காரர், எழுபதை நெருங்கியவர், கன்னத்தில் புற்று. ஏழாம் கட்டிலில் கருமத்தம்பட்டியிலிருந்து வந்த பாலுசாமி. ஐம்பத்தாறு வயது, நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. புரட்டிப் படுக்க வைக்கும்போது கட்டில் கம்பியை அவர் பிடிக்கிற பிடியில் விரல் வெளுத்துப்போகும். அவருடைய மகள் மோகனப்பிரியா ஞாயிறுதோறும் வருவாள். வந்ததும் நோட்டைத்தான் எடுப்பாள்.

"ரெண்டுதானுங்களாக்கா? அப்பப் பரவால்லீங்க," என்று மூச்சு விடுவாள். அப்பாவும் மகள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அன்புக்கரசி தண்ணீர் எடுக்கப் போவதுபோல வெளியே போய்விடுவார்.

இப்படி நான்கு மாதம் போனது. பிறகுதான் மதிப்பீட்டுக்கு ஆள் வந்தது.

கோயமுத்தூரில் ஒரு அறக்கட்டளை இத்தகைய இல்லங்களுக்கு உதவி வந்தது. உதவியைத் தொடரலாமா என்று பார்க்க இரண்டு பேரை அனுப்பியது. ஒருவர் கட்டடம், கழிப்பறை, பதிவேடு பார்க்கிற அலுவலர். இன்னொருவர் மிஸ்பா. வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளுக்கு வலி நிவாரணம் பார்க்கும் குழுவில் பத்து வருஷமாக நர்ஸாக இருப்பவர். வயது முப்பத்து நான்கோ ஐந்தோ.

முன்கூட்டியே தகவல் வந்துவிட்டதால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அலுவலர் ஒவ்வொன்றாகப் பார்த்து நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டே போனார். பொய்யாக எதையும் காட்டவில்லை. தரை எப்போதுமே சுத்தமாகத்தான் இருக்கும். ஒருவருக்குக்கூடப் படுக்கைப் புண் இல்லை.

மிஸ்பா மட்டும் சுப்பாத்தாளின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வலி எப்படிங்கம்மா இருக்குது?"

"பரவால்ல கண்ணு. நெம்ப நல்லாப் பாத்துக்கறாங்க." பாதி வாய்தான் திறந்தது.

"ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

சுப்பாத்தாள் கிருபாசங்கர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வருது, வருது" என்றார்.

மிஸ்பா நோட்டை வாங்கிக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்தார். வெகுநேரம் புரட்டினார். பிறகு அன்புக்கரசியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, பதினோரு கட்டில். நாலு மாசம். ஒரு நாள்கூட ஒருத்தருக்கும் மூணுக்கு மேல போகல. நான் பத்து வருஷமா இந்த வேல பாக்கறேன். எங்க குழுவிலயே இப்படி ஒரு வாரம் அமைஞ்சதில்ல. இத யாருங்க எழுதுனது?"

உள்ளே கிருபாசங்கர் அலுவலருக்கு மோர் ஊற்றிக்கொடுப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஏழாம் கட்டிலில் பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருப்பதும் தெரிந்தது.

"நான்தானுங்க எழுதுனேன்," என்றார். "அத்தனையும் பொய்யிங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். காது சரியாகக் கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். அன்றைக்கு அவர் சொன்னதை மிஸ்பா குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அன்று சாயங்காலமே, கிருபாசங்கரிடமும் போய்ச் சொன்னார்.

"நோட்டப் பத்தி அந்தம்மாகிட்ட சொல்லிப்போட்டனுங்க, ஐயா."

கிருபாசங்கர் நாற்காலியிலிருந்து எழவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மணி."

"மூணு தடவ சொன்னனுங்க."

அந்த மனிதர் அழுததை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன் என்று அன்புக்கரசி சொல்வார். "எங்கம்மா பட்டதக் கண்ணாரப் பாத்துப்போட்டு இத ஆரம்பிச்சேன்," என்றார் கிருபாசங்கர்.

அறிக்கை வந்தது. பராமரிப்பு நன்று, சுத்தம் நன்று, உணவு நன்று. வலிக்கு மருந்தில்லை, பதிவுகள் நம்பத் தகுந்தவை அல்ல. மூன்று மாதத்துக்குள் சரிசெய்தால் மறுபடி பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மூடச் சொல்லவில்லை. ஆனால் கிருபாசங்கர் உடைந்துபோயிருந்தார். இனி ஒருவர்கூட என் கண்முன்னால் இப்படிக் கிடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் எல்லாக் குடும்பங்களையும் வரவழைத்து நோயாளிகளை ஒப்படைத்தார்.

அன்புக்கரசி இதை எதிர்பார்க்கவில்லை. மருந்து வரும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தார். வண்டிகள் வந்து நின்றதைப் பார்த்ததும்தான், தான் சொன்ன ஒரு வார்த்தை எதுவரைக்கும் போயிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேருக்கு வர ஆளே இல்லை. அவர்களை மிஸ்பா ஓடியாடி நகரத்தில் ஒரு இடத்தில் சேர்த்தார். சுப்பாத்தாளின் மகன் சரக்கு வண்டியில் மெத்தையைப் போட்டுத் தாயைக் கூட்டிப்போனான். பாலுசாமியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் அன்புக்கரசியின் கையைத் தேடிப் பிடித்தார். என்ன சொல்ல நினைத்தார் என்று அந்த முகத்திலிருந்து அவரால் படிக்க முடியவில்லை.

மீதி ஒன்பது பேரின் முகவரியையும் மிஸ்பா வாங்கிக்கொண்டார். வீட்டுக்கே போய் மார்பின் கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் இருந்தது ஒரே வண்டி. அன்னூருக்கும் அவிநாசிக்கும் பல்லடத்துக்குமாக ஒன்பது வீடுகள் சிதறிக் கிடந்தன. கருமத்தம்பட்டிக்கு முறை வந்தது ஆறாம் நாள். பாலுசாமி நான்காம் நாளே இறந்திருந்தார்.

சோமனூரில் அன்புக்கரசி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மளிகைக் கடையில் ஒரு பெண், இவர் காதில் விழாது என்று நினைத்து, "நல்லா நடந்துட்டிருந்த எடத்த மூட வெச்சது இந்தம்மாதான்," என்றாள். காதில் விழவில்லைதான். உதட்டில் படித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மிஸ்பா போன் செய்தார்.

"அக்கா, எங்களுக்கு ஆள் பத்தல. வண்டியில எங்ககூட வாரீங்களா?"

"நானுங்களா? என்ன நம்பி எந்த நோட்டக் குடுப்பீங்க?"

"நோட்ட நான் எழுதிக்கறேன். நீங்க கேட்டுச் சொன்னாப் போதும்."

அப்படித்தான் சுப்பாத்தாள் வீட்டுக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட பக்கத்து அறையில், வெக்கையில் கிடந்தார். மருமகள் முகம் கொடுக்கவில்லை. இடுப்பில் புண் விழுந்திருந்தது. இல்லத்தில் இருந்தவரைக்கும் இல்லாத புண். அன்புக்கரசி அதைக் கழுவிக் கட்டினார். ஆனால் மருந்தைக் கூட்டிய நான்காம் நாள் சுப்பாத்தாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். எழுந்து, வலி நான்கு என்றார். உண்மையான நான்கு. ஆடி பிறந்ததும் இறந்துபோனார், தூக்கத்திலேயே.

"நாஞ் செஞ்சது செரியா, தப்பா, கண்ணு?" என்று திரும்பி வரும் வழியில் ஒருநாள் அன்புக்கரசி கேட்டார்.

"வலிக்கு மருந்தில்லன்னு அறிக்கையில எழுதுனது நானுங்கக்கா. ஒன்பது வீட்டுக்கும் மொதல் நாளே போக முடியுமான்னு பாத்துட்டு அத எழுதியிருக்கணும். நாந்தான் பாக்கல," என்றார் மிஸ்பா.

கருமத்தம்பட்டிக்குப் போக அன்புக்கரசிக்கு மூன்று மாதம் ஆயிற்று. தனியாக, பஸ்ஸில் போனார். மோகனப்பிரியா உள்ளே அழைத்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். அப்பா எப்படிப் போனார் என்று அவளாகவே சொன்னாள். நான்கு நாளும் அலறல் தெருவுக்கே கேட்டது என்றாள். பிறகு கேட்டாள்:

"அங்கியே உட்டிருந்தா எங்கப்பா நிம்மதியாப் போயிருப்பாருங்களா, அக்கா? அங்க ரெண்டு, மூணுன்னுதானே இருந்துச்சு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்வதைப் போலவே ஆமாம் என்று சொல்வதும் ஆறுதல் இல்லை என்று அன்புக்கரசிக்குத் தோன்றியது. எதைச் சொன்னாலும் இந்தப் பெண் அதைத்தான் ஆயுசுக்கும் சுமக்கப் போகிறாள்.

"இல்ல கண்ணு. அங்கியும் எட்டு, ஒன்பதுதான். பல்லக் கடிச்சுக்குவாரு, சத்தம் வராது. நான்தான் ரெண்டுனு எழுதுனேன்."

மோகனப்பிரியாவின் முகத்தில் கோபம் வரும் என்று அன்புக்கரசி காத்திருந்தார். வரவில்லை.

"நாலு மாசம் ஞாயித்துக்கெழமையில அதப் பாத்துட்டு நிம்மதியா பஸ் ஏறி வந்தனுங்க," என்றாள். "அப்பவே சொல்லியிருந்தா எங்கியாச்சும் தூக்கிட்டு ஓடியிருப்பனுங்களே."

அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பும்போது மோகனப்பிரியா வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க" என்றாள். மரியாதைக்குச் சொன்னது. மறுபடி வாருங்கள் என்று அதற்கு அர்த்தமில்லை என்று அவருக்குப் புரிந்தது.

இப்போதும் அவர் மிஸ்பாவின் வண்டியில்தான் போய்வருகிறார். கிருபாசங்கரின் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. பயிற்சி பெற்ற டாக்டர் கிடைத்தால் நான்கு கட்டிலோடு திறப்பேன் என்று அவர் சொல்வதாகக் கேள்வி. இடையில் யார் யாரோ நம்பரை விசாரித்து அன்புக்கரசிக்கு போன் செய்கிறார்கள். ஏனுங்க, எங்கம்மாவுக்கு ஒரு நல்ல எடம் சொல்லுங்க என்று கேட்கிறார்கள். அவர் பொறுமையாகச் சொல்கிறார். சொல்லாமல்கொள்ளாமல் போய்ப் பாருங்கள். டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். மார்பின் மாத்திரை கையிருப்பில் இருக்கிறதா, அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நடத்துகிறவர் பக்கத்தில் இல்லாதபோது நோயாளியிடம் பேசுங்கள்.

கேட்டுக்கொண்டே வருகிறவர்கள், "அப்படி எடம் எதுங்க?" என்கிறார்கள்.

நகரத்தில் ஒன்று இருக்கிறது. அதன் பெயரையும் சொல்கிறார். போன வாரம் அவர் விசாரித்தபோது அங்கே கட்டிலுக்குக் காத்திருப்பவர்கள் பத்தொன்பது பேர்.